தம்பியை எங்களுக்குச் சொல்லாமல் வேற இல்லத்துக்கு மாத்திப்போட்டினம். முறைப்பாடு ஆருக்கு, எப்பிடி எழுதுறது?

முறிகண்டி அக்கா:
எல்லாருக்கும் வணக்கம். நான் கிளிநொச்சிப் பக்கம். என்ர தம்பிக்கு நாற்பது வயது நெருங்குது. பிறவியிலயே விளக்கம் குறைவு, வலிப்பும் இருக்கு. பழகின ஆக்களோட ரெண்டொரு சொல்லாலயும் கையாலயும் காட்டிக் கதைப்பான். அம்மா இருக்குமட்டும் அம்மாதான் பாத்தா. அவ மோசம்போன பிறகு எனக்குச் சின்னப் பிள்ளையள், மனுசன் கூலி வேலை, இரவில வலிப்பு வந்தாத் தூக்க ஆளில்லை. டி.எஸ். ஒப்பீசால, பிரதேச செயலகத்தால, ஒரு பராமரிப்பு இல்லத்தில சேர்த்தம். அங்க நல்லாத்தான் இருந்தான். கோழிக்குத் தீன் போடுறது அவன்ர பொறுப்பு. நான் போனா முதல்ல கோழிக்கூட்டுக்குத்தான் இழுத்துக்கொண்டு போவான்.

இந்தமுறை போக, கேற்றில வச்சே சொல்லிச்சினம், அவரை மாத்தியாச்சு எண்டு. வவுனியாவுக்கு அங்கால ஒரு இடமாம். ஏன் எண்டு கேட்டா மேலிடத்து முடிவாம். அந்த மேலிடம் ஆர் எண்டு ஒருத்தரும் வாய் திறக்கேல்ல. விலாசத்தை வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில போனன். என்னைக் கண்டதும் என்ர பையைப் பிடிச்சுக்கொண்டு வாசலைக் காட்டுறான்.

அவனோட குடுத்துவிட்டது ஒரு சொப்பிங் பை. ரெண்டு சாறம், ஒரு சேட்டு. குளிசையள் எல்லாம் உறையில்லாமல் ஒண்டாக் கலந்து, பேப்பர்த் துண்டில சுத்திக் கிடந்துது. எது காலமைக்கு, எது இரவுக்கு எண்டு புது இடத்து ஆக்களுக்குத் தெரியாது. கிளினிக் கொப்பி பழைய இடத்திலயே நிண்டிட்டுது. பிழையாக் குடுத்திடுவமோ எண்ட பயத்தில அவை ஒண்டும் குடுக்கேல்ல. நான் போறதுக்கு முதலே வலிப்பு வந்து ஆசுபத்திரியில வச்சிருந்திருக்கினம். அதுகூட எங்களுக்குத் தெரியாது.

சண்டை பிடிக்கிற நோக்கம் எனக்கில்லை. அவன் திரும்பி வரவேணும். வரவே ஏலாதெண்டா ஏன் எண்டாவது ஒருத்தர் எழுதித் தரவேணும். முறைப்பாடு குடுத்தா அந்தக் கோவத்தை அவனில காட்டுவினமோ எண்டும் பயமாக் கிடக்கு. தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

வார்ட் மிஸ்:
அக்கா, மற்றதெல்லாம் பிறகு, முதல்ல குளிசை. வலிப்புக் குளிசையைச் சடுதியா நிப்பாட்டவே கூடாது. சோடியம் வல்புரோயேட் மாதிரி மருந்து நிண்டா, நாள்ப்பட அடங்கியிருந்த வலிப்பும் திரும்ப வரும். விடாமல் தொடர்ந்து வந்தா உயிருக்கே ஆபத்து. கிளினிக் கொப்பி கையில இல்லாட்டியும் அவர் கிளினிக்குக்குப் போன ஆசுபத்திரியில பதிவு இருக்கும். அங்க போய் என்ன மருந்து, எத்தினை மில்லிகிராம், எத்தினை நேரம் எண்டு எழுதி டொக்டரின்ர கையெழுத்தோட வாங்கி, புது இடத்தில நேர குடுங்கோ. போனில வாய்ச்சொல்லாச் சொல்லிவிடாதேங்கோ, வெள்ளைக் குளிசை எண்டு சொன்னா எத்தினையோ வெள்ளைக் குளிசை இருக்கு. வலிப்பு அஞ்சு நிமிசம் தாண்டினா 1990 அம்புலன்சுக்கு அடிக்கவேணும் எண்டு அங்க இரவில நிக்கிற ஆளுக்கும் சொல்லி வையுங்கோ.

அவரை வச்சிருந்த ஆசுபத்திரியில நோய் நிர்ணய அட்டை தந்திருப்பினம். அதை விடாதேங்கோ. மருந்து விடுபட்டதால வந்தது எண்டு அதில எழுதியிருந்தா, முறைப்பாட்டோட வைக்க அதைவிடப் பெரிய சாட்சி வேற இல்லை.

தருமபுரத்தான்:
வாசிக்கவே கொதிக்குது. இல்லத்தின்ர பேரையும் தம்பியின்ர படத்தையும் பேஸ்புக்கில போடுங்கோ அக்கா. ரெண்டு நாளில ஓடி வருவினம்.

கச்சேரியடி:
தம்பி, உங்களுடைய கொதிப்பு நியாயம்தான். ஆனால் படத்தைப் போட வேண்டாம். தன் படம் ஊரெல்லாம் போவதை அந்தப் பிள்ளையால் விரும்பவும் முடியாது, மறுக்கவும் முடியாது. அவரைக் கேட்காமல் ஏற்கெனவே ஒரு காரியம் நடந்திருக்கிறது. நாங்களும் அதையே செய்யக் கூடாது.

பிள்ளை, நான் சமூக சேவைப் பகுதியில் நெடுங்காலம் வேலை செய்து ஓய்வு பெற்றவன். எத்தனையோ முறைப்பாட்டுக் கடிதங்களைக் கையில் வாங்கியிருக்கிறேன். அநேகமானவை ஒரே இடத்தில் சறுக்கும். சனம் வேதனையில் எழுதும்போது, கேற்றில் நின்றவர் மரியாதையில்லாமல் கதைத்தார், மேட்ரன் முகம் கொடுக்கவில்லை என்று எழுதுவார்கள். அலுவலகம் அந்த மேட்ரனிடம் விளக்கம் கேட்கும், அவர் இல்லையென்பார், கோவை (ஃபைல்) மூடப்படும். இடமாற்றத்தைப் பற்றி ஒருவரும் பதில் சொல்லியிருக்க மாட்டார்கள்.

நீங்கள் முடிவைப் பற்றி எழுதுங்கள். ஒரு மனிதனை ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொரு மாவட்டத்துக்கு அனுப்ப யாரோ ஒருவர் கையெழுத்து வைத்திருக்க வேண்டும். அந்தக் கடதாசி இருந்தால் பிரதியைத் தரட்டும். இல்லையென்றால் இல்லை என்று எழுதித் தரட்டும். கடதாசி இல்லாமல் ஆளை மாற்றினார்கள் என்பதே பெரிய குற்றச்சாட்டு.

யாருக்கு என்று கேட்டீர்கள். சேர்த்தது பிரதேச செயலகம் என்றால் உங்கள் தம்பியின் கோவை அங்கே சமூக சேவை உத்தியோகத்தரிடம் இருக்கும். ஆகவே முதற்கடிதம் பிரதேச செயலாளருக்கு. பிரதிகள் மாகாண சமூக சேவைத் திணைக்களத்துக்கும், இரண்டு இல்லங்களின் பொறுப்பாளர்களுக்கும், அந்த இல்லத்தை நடத்துகிற சபையோ நிறுவனமோ அதற்கும். இப்படி எழுதலாம்:

"எனது சகோதரர் இன்ன திகதியளவில் இன்ன இல்லத்திலிருந்து இன்ன இல்லத்துக்கு மாற்றப்பட்டதாக நேரில் சென்றபோதே அறிந்தேன். இம்முடிவை எடுத்தவர் யார், எந்தத் திகதியில், என்ன காரணத்துக்காக, மாற்றுவதற்கு முன் அவரிடம் அவருக்கு விளங்கும் விதத்தில் கேட்கப்பட்டதா, குடும்பத்துக்கு அறிவிக்க என்ன முயற்சி எடுக்கப்பட்டது, அவரது மருந்துகளும் கிளினிக் பதிவுகளும் யாரால் யாரிடம் கையளிக்கப்பட்டன என்பவற்றை எழுத்தில் அறியத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். அவரைப் பழைய இடத்திலோ அல்லது குடும்பத்தார் சென்றுவரக்கூடிய தூரத்திலோ வைத்துப் பராமரிக்க ஒழுங்கு செய்யுமாறும் வேண்டுகிறேன்."

இவ்வளவும் போதும். மருந்து விடுபட்டு வலிப்பு வந்ததை வேறு பந்தியாக, கோபச் சொல் ஒன்றும் இல்லாமல் எழுதி, நோய் நிர்ணய அட்டையின் போட்டோக் கொப்பியை இணையுங்கள். உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்காமல் அலுவலகத்தை விட்டு வெளியே வராதீர்கள்.

பனிக்கன்குளம்:
நான் இப்பிடி ஒரு இல்லத்தில (அக்கா சொல்லுற இடமில்லை) வேலை செய்யிறன். குளிசையைப் பேப்பரில சுத்தி அனுப்பினதுக்கு ஒரு நியாயமும் இல்லை. அது பிழை எண்டதை முதல்ல சொல்லிப்போட்டுத்தான் மற்றதைச் சொல்லுறன்.

இடமாற்றம் எல்லாமே இரக்கமில்லாத வேலை எண்டு நினையாதேங்கோ. இரவில ஒராள்தான் நிற்பம். ஒருத்தர் மற்றவைக்கு அடிக்கத் தொடங்கினா எங்களால சமாளிக்க ஏலாது. காசு குடுத்த வெளிநாட்டு ஆக்கள் நிப்பாட்டினா ஒரு பகுதியைப் பூட்டவேண்டி வரும். 2022இல அரிசியும் பருப்பும் விலையேறின நேரம் நாங்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. குடும்பத்துக்கு அடிச்சா நம்பர் பாவனையில இல்லை எண்டு வரும். வருசக்கணக்கா ஒருத்தரும் எட்டிப் பாக்காத ஆக்களும் இருக்கினம்.

அதைவிட ஒரு பெரிய பிரச்சினையை ஒருத்தரும் கதைக்கிறேல்ல. சிறுவர் இல்லத்தில வளர்ந்த விசேட தேவையுள்ள பிள்ளைக்கு 18 வயது முடியுது. அதுவரைக்கும் சிறுவரைப் பாக்கிற நன்னடத்தைத் திணைக்களம். பிறந்தநாளுக்கு அடுத்தநாள் அந்தப் பிள்ளை வளர்ந்த ஆள், சமூக சேவைப் பகுதிக்குப் போகவேணும். ரெண்டு திணைக்களத்துக்கும் இடையில அந்தப் பிள்ளை நடுவில நிக்கும். பதினெட்டு வருசம் ஒரு கட்டில், ஒரு அம்மா எண்டு கூப்பிட்ட ஆள், எல்லாத்தையும் விட்டு வரும். வந்து கிழமைக்கணக்காச் சாப்பிடாமல் இருந்த பிள்ளையளை நான் பாத்திருக்கிறன். 18 வரப்போகுது எண்டு எல்லாருக்கும் முன்னமே தெரியும். முதல் வருசமே கூட்டிக்கொண்டு வந்து ரெண்டு மூண்டு தரம் இடத்தைக் காட்டியிருக்கலாம்தானே?

முறிகண்டி அக்கா:
பனிக்கன்குளம், நீங்கள் சொல்லுறது விளங்குது. பழைய இடத்து ஆக்களில எனக்குக் கோவமில்லை, அவைதான் அவனை இவ்வளவு காலமும் பாத்தவை. ஆனா என்ர நம்பர் மாறேல்ல. மாதம் தவறாமல் போறனான். என்னைத் தேடிப் பிடிக்கேல்லை எண்டு சொல்ல ஏலாது.

வார்ட் மிஸ், மருந்து எழுதி வாங்கிக் குடுத்திட்டன். இப்ப ஒழுங்காப் போடினம்.

இன்னொண்டு சொல்லவேணும். 2009இல நாங்கள் வெளியில வரேக்க அவனைப் பஸ்ஸில ஏத்தி எங்களிட்டயிருந்து பிரிச்சுப்போட்டினம். செட்டிகுளத்தில வேற முகாமில இருந்து அம்மா தேடி எடுத்தவ. அதுக்குப் பிறகு கதவு சாத்தின வாகனம் எண்டா அவனுக்கு நடுக்கம். பழைய இடத்தில இது எல்லாருக்கும் தெரியும். வானில ஏத்தேக்க என்னெண்டு ஏத்திச்சினம் எண்டு நினைச்சா எனக்கு நித்திரை வருதில்லை.

கச்சேரியடி:
அதை எழுதுங்கள் பிள்ளை. அவருக்கு என்ன பயம் என்பது தெரிந்திருந்தும் ஒரு தெரிந்த முகத்தைக்கூட உடன் அனுப்பாமல் ஏற்றியது ஏன் என்று கேளுங்கள். வன்னிச் சனத்துக்கு இடம்பெயர்வு பழகிப்போனது என்று அலுவலகங்களில் சிலர் வாய்கூசாமல் சொல்வார்கள். அப்படிப்பட்ட ஆளுக்குத்தான் இன்னொரு முறை திடீரென்று மாறுவது மற்றவரைவிடக் கூடுதலாக நோகும்.

மல்லாவியான்:
நான் இப்ப லண்டனில. மனைவி முதியோர் பராமரிப்பு இல்லத்தில வேலை. இங்கிலாந்தில இதுக்கு என்ன செய்யினம் எண்டு எழுதினா உங்களுக்குக் கேள்வி கேக்க உதவும்.

இஞ்ச 2005ஆம் ஆண்டு மனத்திறன் சட்டம் எண்டு ஒண்டு இருக்கு. ஒருத்தருக்குத் தானா முடிவெடுக்க ஏலாது எண்டு தெரிஞ்சா, அவற்ற நலனுக்கு எது நல்லது எண்டு பாத்துத்தான் மற்றவை முடிவெடுக்கலாம். அப்பவும் அவருக்கு முந்தி என்ன விருப்பம், இப்ப என்ன விருப்பம் எண்டதைப் பாக்கவேணும், அவரில அக்கறையுள்ள ஆக்களையும் கேக்கவேணும். கேக்கிறதுக்குச் சொந்தம் எண்டு ஒருத்தரும் இல்லாட்டி, எட்டுக் கிழமைக்கு மேல ஒரு இல்லத்தில வைக்கமுதல் அவருக்காகக் கதைக்க வெளியாள் ஒருத்தரை நியமிக்கவேணும். முடிவு பிழை எண்டா முதல் உள்ளூராட்சிச் சபைக்கு முறைப்பாடு, பிறகு அதுக்கெண்டு இருக்கிற, முறைப்பாடு விசாரிக்கிற ஒம்புட்ஸ்மனுக்கு. தெரிஞ்ச நாளில இருந்து 12 மாதத்துக்குள்ள போகவேணும். நீதிமன்றமும் தனியா இருக்கு.

இவ்வளவு இருந்தும் இஞ்சயும் ஆக்களை அவசரத்தில மாத்துறது நடக்குது, இல்லத்தைப் பூட்டுறம் எண்டு குறுகின தவணை குடுக்கிறதும் நடக்குது. ஆனா "ஆரைக் கேட்டனீங்கள்" எண்டு கேட்டா பதில் சொல்லியே ஆகவேணும். அக்காவும் அதைத்தான் கேக்கவேணும்.

காசு ஏதும் தேவையெண்டா உள்பெட்டியில எழுதுங்கோ. அரச அலுவலகத்திட்டத் தகவல் கேக்கிற தகவல் உரிமை விண்ணப்பம் நானே போடுவன், ஆனா இலங்கைக் குடியுரிமை விட்டிட்டன், அது பிரசைகளுக்குத்தான் எண்டு கேள்விப்பட்டன்.

பாலியாறு:
ஓம் அண்ணை, பிரசைகளுக்கு மட்டும்தான். நான் சட்டம் படிக்கிறன், வவுனியாவில ஒரு சட்டத்தரணியோட நிக்கிறன். அக்கா, உங்களிட்ட அவசரமா ஒண்டு கேக்கவேணும். மாத்தின திகதி என்ன? இஞ்ச போடவேண்டாம், ஒரு மாதம் ஆகிட்டுதா இல்லையா எண்டு மட்டும் சொல்லுங்கோ.

ஏனெண்டா அரச நிருவாகச் செயலால அடிப்படை உரிமை மீறப்பட்டா உயர் நீதிமன்றத்துக்குப் போக அரசியலமைப்பின்ர 126ஆவது உறுப்புரை தாற காலம் ஒரு மாதம்தான். அந்த மாதத்துக்குள்ள மனித உரிமைகள் ஆணைக்குழுவில முறைப்பாடு போட்டா, அங்க விசாரணை நடக்கிற காலத்தை அந்த ஒரு மாதத்தில சேர்க்கமாட்டினம். 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின்ர 13ஆம் பிரிவு அது. முறைப்பாட்டைக் குடுத்திட்டு வீட்டில இருந்தாக் காணாது, விசாரணை நடந்துகொண்டிருக்கு எண்டதுக்கு அவையிட்டக் கடிதம் எடுத்து வைக்கவேணும். வழக்குக்குப் போறதும் போகாததும் உங்கட விருப்பம். வழி அடைபடாமல் இருக்கட்டும்.

ஆணைக்குழுவுக்கு வவுனியாவிலயும் யாழ்ப்பாணத்திலயும் பிராந்திய அலுவலகம் இருக்கு. காசு இல்லை, சட்டத்தரணி தேவையில்லை, 1996 எண்ட இலக்கத்துக்குப் போனும் எடுக்கலாம். தனியார் இல்லம் எண்டு சொல்லித் தட்டிக் கழிச்சா, நான் முறைப்பாடு செய்யிறது மாத்தச் சொன்ன அல்லது மாத்த விட்ட அரச உத்தியோகத்தரின்ர முடிவைப் பற்றி எண்டு சொல்லுங்கோ. கச்சேரியடி ஐயா சொன்ன மாதிரி முடிவைப் பற்றி எழுதினாத்தான் இதுக்கும் வாய்ப்பு.

தகவல் உரிமைக்கு வாறன். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். பிரதேச செயலகத்துத் தகவல் அலுவலரிட்டக் குடுத்தா 14 வேலைநாளுக்குள்ள தாறதா இல்லையா எண்டு முடிவு சொல்லவேணும். அரச காசிலயோ வெளிநாட்டு அரசாங்கங்களின்ர காசிலயோ பெரும்பாலும் நடக்கிற தொண்டு நிறுவனமும், பொதுச்சேவை எண்ட அளவில, அந்தச் சட்டத்துக்குள்ள வரும். இதில ஒரு முள் இருக்கு. அடுத்தாளின்ர தனிப்பட்ட தகவல் எண்டு சொல்லி மறுக்க 5ஆம் பிரிவில இடமிருக்கு. சம்பந்தப்பட்டவர் எழுத்தில சம்மதிச்சா அந்த மறுப்பு நிக்காது. தம்பிக்கு விளங்கக்கூடிய மாதிரிச் சொல்லி, அவர் சம்மதிச்சா, சாட்சியோட பெருவிரல் அடையாளம் வாங்கி இணையுங்கோ. அதுவும் ஏலாட்டி ஆளைப் பற்றிக் கேளாமல், இடமாற்றத்துக்கு என்ன நடைமுறை, அதுக்குச் சுற்றறிக்கை இருக்கா, அந்த இல்லம் பதிவு செய்யப்பட்டதா, எத்தினை பேரை வைக்க அனுமதி எண்டு பொதுவாக் கேளுங்கோ.

இன்னொரு சங்கடம். 18 வயசு தாண்டின ஆளுக்கு, கூடப்பிறந்தவ எண்டதாலேயே நீங்கள் சட்டப் பாதுகாவலர் ஆகமாட்டியள். "நீங்கள் ஆர் கேக்க" எண்டு சொல்லுற ஒப்பீசும் இருக்கு. மாவட்ட நீதிமன்றத்தில நியமனம் எடுக்க வழி இருக்கு, சட்ட உதவி ஆணைக்குழுவில வருமானம் குறைஞ்ச ஆக்களுக்கு இலவசமாப் பாப்பினம். ஆனா அது அவற்ற முடிவுகளை எல்லாம் உங்கட கையில தாற வேலை. இலங்கை 2016இல ஏற்ற ஐ.நா.வின்ர மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சமவாயம் அவருக்காக முடிவெடுக்கிறதைவிட, முடிவெடுக்க அவருக்குத் துணை நிக்கிறதைத்தான் சொல்லுது. அதின்ர 19ஆவது உறுப்புரை எங்க, ஆரோட இருக்கிறது எண்டு தெரிவு செய்யிற உரிமையைப் பற்றியது. கடிதத்தில அதை ஒரு வரி சேருங்கோ.

முறிகண்டி அக்கா:
ஒரு மாதம் ஆகேல்ல. நாளைக்கே வவுனியாவுக்குப் போறன்.

தருமபுரத்தான்:
அக்கா, புது இடத்து ஆக்களோட பகைக்காதேங்கோ. அவையளுக்கும் ஒரு துண்டில்லாமல்தானே ஆளைத் தள்ளிவிட்டிருக்கினம். எங்கட மாமாவை மாத்தின நேரம் புது இடத்துப் பொறுப்பாளர்தான் "எனக்கு ஒரு கோவையும் வரேல்ல" எண்டு எழுதித் தந்தவர். அந்தக் கடிதத்துக்குப் பிறகுதான் ஒப்பீஸ் அசைஞ்சது. மாமாவின்ர உதவிப்பணமும் பழைய பிரிவிலயே தேங்கி நிண்டது, அதையும் ஒருக்கா விசாரியுங்கோ.

முறிகண்டி அக்கா:
கொஞ்சம் பிந்தி எழுதுறன், எல்லாரும் மன்னிக்கவேணும். ஆணைக்குழுவில முறைப்பாடு எடுத்து இலக்கம் தந்தவை. டி.எஸ். ஒப்பீசில கடிதத்தைக் குடுக்க, முதல்ல முத்திரை குத்த மாட்டன் எண்டிட்டு, நான் இருந்த கதிரையை விட்டு எழும்பாததால குத்தித் தந்திச்சினம். பதில் வந்திருக்கு. பழைய இல்லத்தில ஒரு பகுதியைத் திருத்த வேண்டியிருந்ததால தற்காலிகமா மாத்தினதாம். தற்காலிகம் எண்டு ஒருத்தரும் அந்தப் புது இடத்துக்குச் சொல்லேல்ல, எனக்கும் சொல்லேல்ல. எப்ப திரும்ப எண்டும் அதில இல்லை. அவனைக் கேட்டியளோ எண்ட கேள்விக்கு ஒரு சொல்லும் இல்லை. அந்த ரெண்டையும் கேட்டுத் திரும்ப எழுதியிருக்கிறன்.

புது இடத்துப் பொறுப்பாளர் நல்ல மனிசி. கோவை வரேல்ல எண்டு எழுதித் தந்தவ. என்னைச் சனிக்கிழமையில கூடுதல் நேரம் இருக்க விடுறா. முறைப்பாட்டால அவனுக்குக் குறைவொண்டும் வரேல்ல.

கச்சேரியடி:
நல்லது பிள்ளை. "தற்காலிகம்" என்று கையெழுத்தோடு வந்துவிட்டது. இனித் திருத்த வேலை எப்போது முடியும் என்று பழைய இல்லத்திடமும் தனியாக எழுத்தில் கேளுங்கள். அந்தத் திகதி தவறினால் மாகாணத் திணைக்களத்துக்கும், அங்கும் பதில் இல்லையென்றால் நாடாளுமன்ற நிருவாக ஆணையாளரான ஒம்புட்ஸ்மனுக்கும் போகலாம்.

நெடுங்கேணி ரூபன்:
இடையில வாறதுக்குக் குறை நினையாதேங்கோ. எங்கட சின்னம்மா, எழுபது தாண்டிட்டா, பிள்ளையள் இல்லை, ஞாபகம் தடுமாறுது. அவ இருக்கிற இடத்தில அடுத்த கிழமை தெற்கில ஒரு இல்லத்துக்கு மாத்தப்போறம் எண்டு வாயால சொல்லியிருக்கினம். அவவுக்குத் தமிழைத் தவிர ஒண்டும் தெரியாது. இன்னும் மாத்தேல்ல. இப்பவே ஏதும் செய்யலாமோ?

பாலியாறு:
செய்யலாம் அண்ணை, இப்பதான் செய்யவேணும். மீறல் நடந்தாப் பிறகு மட்டுமில்லை, நடக்கப்போகுது எண்டாலும் ஆணைக்குழுவுக்குப் போகலாம். 60 வயசுக்கு மேல எண்டதால 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மூத்தோர் உரிமைச் சட்டமும் வரும், பிரதேச செயலகத்தில மூத்தோர் விடயத்துக்கு உத்தியோகத்தர் இருப்பார். தமிழ் தெரியாத இடத்தில தண்ணி வேணும், நெஞ்சு நோகுது எண்டு அவ ஆரிட்டச் சொல்லுறது? அந்தக் கேள்வியை அப்பிடியே கடிதத்தில எழுதுங்கோ. வடக்கில நிருவாக மொழி தமிழ், பதிலும் தமிழில கேளுங்கோ.

பனிக்கன்குளம்:
அண்ணை, கடிதம் ஒருபக்கம் போகட்டும். ஒருவேளை மாத்தத்தான் போகினம் எண்டா, ஒரு தாளில சின்னம்மாவைப் பற்றி எழுதி வையுங்கோ. என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டாத் திரும்புவா, எந்தக் காது கேளாது, சோறு குழைச்சுக் குடுக்கவேணுமோ, இரவில லைற் வேணுமோ, என்ன கண்டாப் பயப்பிடுவா, மருந்து என்ன, ரெண்டு ஆக்களின்ர போன் நம்பர். புதுசா வந்த ஆள் இரவில அழேக்க எங்களுக்குக் கைகுடுக்கிறது அந்தத் தாள்தான். கிளினிக் கொப்பி, அடையாள அட்டை, கண்ணாடி, பல்லுச்செற் எல்லாம் பையில இருக்கோ எண்டு வாகனம் வெளிக்கிட முதல் நீங்களே பாருங்கோ. ஏலுமெண்டா நீங்களும் ஏறிப் போங்கோ.

நெடுங்கேணி ரூபன்:
நன்றி. நாளைக்குக் காலமை டி.எஸ். ஒப்பீஸ் திறக்கேக்க வாசலில நிப்பன். இண்டிரவு கடிதத்தை எழுதி இஞ்ச போடுறன், பிழையெண்டாச் சொல்லுங்கோ.

கச்சேரியடி:
போடுங்கள் தம்பி, விழித்திருந்து பார்க்கிறேன். சின்னம்மாவின் பெயர், அடையாள அட்டை இலக்கம், இல்லத்தின் பெயர் மூன்றையும் மறைத்துவிட்டுப் போடுங்கள்.